சிக்னலில் எஞ்சினை அணைத்தால் பெட்ரோல் வீணாகுமா?

"அணைத்து மறுபடி கிளப்பினால்தான் பெட்ரோல் அதிகம் செலவாகும் என்று அப்பா சொல்கிறார், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய கருவி) காலத்து நியாயம். சோக்கை இழுத்து, கிக்கரை நாலு உதை உதைத்த வண்டிகளுக்கு ஓரளவு பொருந்தியது. 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் பிஎஸ்-6 விதி வந்தபின் விற்கப்படும் பெட்ரோல் வண்டிகளில் மின்னணுக் கருவியே எரிபொருளை அளந்து தெளிக்கிறது. சூடான எஞ்சினைத் திரும்பக் கிளப்ப ஆகும் பெட்ரோல், சுமார் 10 விநாடி சும்மா ஓடவிடும் செலவுதான். நின்றபடியே ஓடும் சிறிய கார்கூட மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும்; ஏசி போட்டால் இன்னும் கூடும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது புகை. மாலையில் ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள். ஏசிக்காக உறுமிக்கொண்டிருக்கும் வண்டிகளின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே யூகேஜி பிள்ளையின் மூக்கு இருக்கும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருப்பவரும் தப்பவில்லை. வெளிக்காற்றை இழுக்கும்படி ஏசி இருந்தால் முன்வண்டியின் புகை நேரே அவருக்குத்தான்.

எண் இறங்கும் சிக்னலில் 20-க்கு மேல் இருந்தால் அணையுங்கள், 5 வந்ததும் கிளப்புங்கள். வரிசை ஊர்ந்துகொண்டிருந்தாலோ பேட்டரி தளர்ந்திருந்தாலோ வேண்டாம். கார் உருண்டுகொண்டிருக்கும்போது மட்டும் ஒருபோதும் அணைக்காதீர்கள். ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் சில மிதிகளில் கல்லாகிவிடும்.