பேச்சுரிமை இருக்கிறதென்றால், ஒரு பதிவுக்காக ஏன் கைது செய்கிறார்கள்?

"பேச்சுரிமை அடிப்படை உரிமை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அப்புறம் முகநூலில் நாலு வரி எழுதியவரை எப்படிக் கைது செய்ய முடிகிறது? எல்லை எங்கே இருக்கிறது, அதை யார் முடிவு செய்வது?" இதுதான் கேள்வி.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல். பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பதறி வருகிற பெற்றோரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் பிரிவு 19(1)(அ) ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் தருகிறது. 19(2) அதற்கு வரம்பு போடுகிறது. வரம்புக்குக் காரணமாகச் சொல்லக்கூடியவை மொத்தம் 8: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இவ்வளவுதான். இதில் இல்லாத ஒரு காரணத்தைப் புதிதாகக் கண்டுபிடித்து ஒருவர் வாயை அடைக்க முடியாது என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்திருக்கிறது. பட்டியலில் உள்ள காரணமாகவே இருந்தாலும், கட்டுப்பாடு ஒரு சட்டத்தின் வழியாக வர வேண்டும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும். மேலிடத்து உத்தரவோ, இன்ஸ்பெக்டரின் வாய்மொழி எச்சரிக்கையோ, 'ஊரே கோபமாக இருக்கிறது' என்ற பேச்சோ சட்டம் ஆகாது. எல்லை மீறப்பட்டது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுக்குத்தான். பேசியவர் தன் பேச்சு நல்ல பேச்சு, மரியாதையான பேச்சு என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். நம் ஊர் மறுவாழ்வு முகாம்களிலேயே பிறந்து வளர்ந்து, இன்னும் குடியுரிமை கிடைக்காமல் இருக்கும் ஈழத் தமிழ்ப் பிள்ளைகளால் பிரிவு 19-ஐக் காட்டி வாதாட முடியாது. நம் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு நமக்குள்ள பேச்சுரிமை இல்லை என்பது எனக்குப் பெரிய வேதனை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த எட்டில் சாதாரண ஆட்கள் மேல் பாய்வது பெரும்பாலும் பொது ஒழுங்குதான். அடுத்தது அவதூறு. பொது ஒழுங்கு 1950-இல் பட்டியலிலேயே கிடையாது. அது உள்ளே வந்த கதை சென்னையில் தொடங்குகிறது. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரவே கூடாது என்று 1950 மார்ச் 1-இல் இங்குள்ள அரசு தடை போட்டது. நாடு குடியரசாகி ஐந்து வாரம்கூட முடியவில்லை. தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26-இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, சென்னையில் வக்கீலாக இருந்தவர். ஊரில் அமைதி கெடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பத்திரிகையைத் தடுக்க முடியாது, அரசின் பாதுகாப்பையே குலைக்கும் அளவுக்கு ஆபத்து இருந்தால்தான் தடுக்கலாம் என்று சொல்லி, தடை போட உதவிய சட்டப்பிரிவையே செல்லாது என்றார்.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1951 ஜூனில், முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, வெளிநாட்டு நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகிய மூன்றும் பட்டியலில் ஏறின. ஆனால் அதே திருத்தத்தில்தான், கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 19(2)-க்குள் வந்தது. எங்களைப் போன்றவர்கள் இன்று கோர்ட்டில் நின்று வாதாடுவதெல்லாம் அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான்.

அதற்குப் பிறகு நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் பேச்சுக்கும் நடக்கும் என்று நீங்கள் சொல்கிற கலவரத்துக்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா? உத்தரப் பிரதேசத்தில் 1954-இல் கால்வாய்ப் பாசனக் கட்டணத்தை உயர்த்தினார்கள். உயர்த்திய கட்டணத்தைக் கட்டாதீர்கள் என்று ராம் மனோகர் லோகியா பேசினார். கைது செய்தார்கள். இன்று கட்டணம் கட்டாதே என்பார், அது பரவும், நாளை புரட்சியில் முடியும் என்று அரசு வாதாடியது. இப்படிக் கற்பனையில் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது, தொடர்பு நேரடியாக இருக்க வேண்டும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் ஊர் வழக்கு இதைவிடத் தெளிவானது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்தது. எதிர்ப்பு கிளம்பியது. தணிக்கை வாரியம் கொடுத்திருந்த 'யு' சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் வெளியானால் வன்முறை வரும் என்று அரசும் சொன்னது. 1989 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல, பேச்சையும் ஆபத்தையும் பிரிக்கவே முடியாத நிலை இருந்தால்தான் தடுக்கலாம் என்றது. கூடவே சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியம். மிரட்டுகிற கூட்டத்தைச் சமாளிக்க எங்களால் முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது, பேசுகிறவரைக் காப்பாற்றுவது அரசின் கடமை. எனக்கு இடஒதுக்கீட்டில் முழு நம்பிக்கை உண்டு. அந்தப் படத்தின் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் தீர்ப்பு சரியான தீர்ப்பு. நான் வெறுக்கிற கருத்துக்குக் கிடைக்காத பாதுகாப்பு நாளை என் கருத்துக்கும் கிடைக்காது.

அந்தக் கடமையை அதிகாரிகள் மறந்தால் என்ன ஆகும் என்பதை 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பார்த்தோம். 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகக் கூட்டம் திரண்டபோது, மிரட்டியவர்களை அடக்குவதற்குப் பதிலாகச் 'சமாதானக் கூட்டம்' என்று அதிகாரிகள் முன்னிலையில் உட்கார வைத்து, பெருமாள்முருகனிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அவர் எழுதுவதையே விட்டுவிட்டதாக அறிவித்தார். அந்தக் கையெழுத்துக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை என்று 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புத்தகம் பிடிக்கவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னது. இதைப் பெரிய எழுத்தாளர்களின் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டேஷனில் 'இனி இப்படி எழுத மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற ஒவ்வொரு பையனுக்கும் நடப்பது இதுதான்.

இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற காரணம் 1963-இல் 16-வது திருத்தத்தில் சேர்ந்தது. திராவிட நாடு கேட்டு தி.மு.க. பேசிக்கொண்டிருந்த காலம், சீனப் போர் முடிந்த சூடு. மாநிலங்களவையில் அண்ணா எதிர்த்துப் பேசியும் திருத்தம் நிறைவேறியது. அந்த ஆண்டே கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. இப்படி 1950, 1963 என்று இரண்டு முறை இங்கே எழுந்த விவகாரம் 19(2) மாறக் காரணமாக இருந்திருக்கிறது. வ.உ.சி.யை 1908-இல் சிறைக்கு அனுப்பிய இந்திய தண்டனைச் சட்டத்தின் ராஜத்துரோகப் பிரிவு 124ஏ-யை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 152, வேறு சொற்களில் கிட்டத்தட்ட அதே இடத்தைப் பிடித்திருக்கிறது.

அவதூறு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது இன்னும் கிரிமினல் குற்றம்தான். 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவரின் பெயர் கெட்டால் நஷ்டஈடு கேட்கட்டும், சிறை எதற்கு? ஆனால் அரசாங்கத்துக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மானநஷ்டம் என்று சொல்லி நஷ்டஈடு கேட்கும் உரிமை இல்லை என்று 1994-இல் நக்கீரன் ராஜகோபால் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை தடுத்தபோது வந்த வழக்கு அது. அதிகாரிகளுக்கு அவமானம் வரும் என்று சொல்லி வெளியாகும் முன்பே தடுக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 'நகராட்சி தண்ணீர் விடவில்லை' என்று எழுதப் பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருந்தும் கைது ஏன் நடக்கிறது? எஃப்.ஐ.ஆர். காகிதத்தைக் கையில் வாங்கிப் படித்தால் புரியும்.

என்னிடம் வந்த ஒரு வழக்கு. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இளைஞர். ஊர் மேல்நிலைத் தொட்டி கட்டிய கணக்கில் பணம் எங்கே போனது என்று கேட்டு முகநூலில் எழுதினார். நாலு வரி, கூடவே விரிசல் விட்ட தொட்டியின் போட்டோ. கவுன்சிலர் தரப்பு ஆள் புகார் கொடுத்தார். புகார் மூன்று பக்கம். அதில் 'பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கும் வகையில்' என்று பல இடங்களில் இருந்தது. எந்தத் தெருவில் சண்டை வந்தது, யார் யாரை அடிக்கப் போனார்கள், எவர் பயந்து வெளியே வராமல் இருந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. பதிவின் கீழே இருந்ததெல்லாம் 'எங்கள் தெருவுக்கும் தண்ணீர் இல்லை' மாதிரியான கருத்துகள்தான். பிரிவு மட்டும் நியாய சன்ஹிதாவின் 353(1)(ஆ), அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 505(1)(ஆ). பொதுமக்களிடம் அச்சத்தை உண்டாக்கி அரசுக்கு எதிராகவோ பொது அமைதிக்கு எதிராகவோ குற்றம் செய்யத் தூண்டினார் என்று அர்த்தம். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்டு வாங்க முடியாத பிரிவு, கோர்ட்தான் தர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது. சனி, ஞாயிறு உள்ளே. ஜாமீன் கிடைத்த பிறகும் ஃபோன் கோர்ட் சொத்தாகவே கிடந்தது. பிழைப்பே ஃபோனில் இருக்கிறவருக்கு அதுவே பெரிய தண்டனை. வழக்கு நிற்காது என்று போட்டவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரில் தொட்டிக் கணக்கைப் பற்றி வேறு யாரும் எழுதவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்படி நடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் பால்கர் ஊரில் ஒரு முகநூல் பதிவுக்காகவும் அதற்கு லைக் போட்டதற்காகவும் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்ததில் தொடங்கிய வழக்கில், இணையத்தில் 'புண்படுத்தும்' செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66ஏ 2015 மார்ச் 24-இல் முழுவதுமாக ரத்தானது. விவாதிப்பதும் ஒரு கருத்துக்காக வாதாடுவதும் எவ்வளவு கசந்தாலும் உரிமைதான், தூண்டுதல் என்ற கட்டத்தை எட்டினால்தான் சட்டம் உள்ளே வரலாம் என்று அதில் சொன்னார்கள். செத்துப்போன அந்தப் பிரிவில் அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் மேலும் அதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில், ஒரு கவிதைக்காக எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மேல் குஜராத்தில் போட்ட வழக்கை ரத்து செய்தபோது, ஒரு பேச்சின் விளைவைத் திடமான, துணிச்சலான மனிதர்களை வைத்து அளக்க வேண்டும், எதைக் கேட்டாலும் பதறுகிறவர்களை வைத்து அளக்கக் கூடாது என்றார்கள்.

வரம்பே கூடாது என்கிற ஆள் நான் இல்லை. ஒரு சாதித் தெருவின் பெயரைச் சொல்லி, இன்று ராத்திரி எல்லாரும் வாருங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் ஆடியோ போடுகிறவனுக்கு 19(1)(அ) கைகொடுக்கக் கூடாது. அங்கே பேச்சுக்கும் ஆபத்துக்கும் நடுவில் சில மணி நேரம்தான் இருக்கிறது. அந்த ஆளை விட்டுவிட்டு, தொட்டிக் கணக்கு கேட்டவரைப் பிடிக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

கடைசியாக, ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வது? 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. கைதும் விசாரணையும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35(3)-இன்படி முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதுதான் முறை. அழைப்பை எழுத்தில் கேளுங்கள், போகும்போது வக்கீலோடு போங்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள புகார் என்றால், அதே சன்ஹிதாவின் பிரிவு 173(3)-இன்படி டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். பேச்சு, எழுத்து சம்பந்தமான புகார்களில் அதைச் செய்வதே பொருத்தம் என்று மேலே சொன்ன கவிதை வழக்கில் இருக்கிறது. உங்கள் வக்கீல் அதைக் கேட்கட்டும். எஃப்.ஐ.ஆரைப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும், எடுத்து வரிவரியாகப் படியுங்கள். கைது செய்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், ரிமாண்டை, அதாவது காவலில் வைக்கும் உத்தரவை, எதிர்த்து அங்கேயே வாதாடலாம். வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் பிரிவு 528-இல் போகலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், பதிவை நீக்கு என்று யாராவது சொல்வதற்குள், முழுப் பதிவையும் அதன் கீழ் வந்த எல்லாக் கருத்துகளையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். நீங்கள் உண்மையில் என்ன எழுதினீர்கள், படித்தவர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.