பத்தாயிரத்தை விடப் பெரிய கவலை லைசென்ஸ்

கேள்வி: என் கணவர் குட்டியானை வைத்து குடியாத்தத்திலிருந்து சித்தூருக்கு லுங்கி பண்டல் ஏற்றிப் போகிறவர். போன வாரம் பள்ளிகொண்டாவில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு, ராத்திரி என் ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். 68 என்று காட்டியதாம். ஒரே ஒரு பீர்தான் என்று சத்தியம் செய்கிறார். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். பத்தாயிரம் கட்ட வேண்டும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், ‘4,000 கொடுங்க, கோர்ட்டுக்கே போகாம முடிச்சுத் தரேன்’ என்கிறார். கொடுக்கலாமா? வண்டி என் பெயரில் இருக்கிறது, என் மேலும் கேஸ் வருமா?
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: சகோதரி, அந்த 4,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். வேறு செலவு வருகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு இது. ரோட்டிலேயே அபராதம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் சட்டம் இதைச் சேர்க்கவில்லை. நடுவர் முன் போய்த்தான் தீர வேண்டும். முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு முதல் தடவைக்கு 2,000 ரூபாய்தான். அந்தக் காலத்து நினைப்பில்தான் ‘முடிச்சுத் தரேன்’ என்று இன்னும் சிலர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவரிடம் பணம் போனால் ரசீது வராது, கேஸும் போகாது.

‘ஒரே ஒரு பீர்’ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனாலே குற்றம். எழுபது கிலோ ஆள் 650 மில்லி சாதா பீர் ஒன்றைக் குடித்தாலே தோராயமாக 50 வந்துவிடும். ஸ்ட்ராங் பீர் என்றால் 68 ஒன்றும் ஆச்சரியம் இல்லை. ஆகவே ‘ஒண்ணுதான் குடிச்சேன்’ என்று கோர்ட்டில் சொல்வது தற்காப்பு ஆகாது, ஒப்புதல் வாக்குமூலம்தான் ஆகும்.

விடியற்காலையில் லோடு ஏற்றுகிறவர் என்பதால் இன்னொரு கணக்கையும் அவரிடம் சொல்லுங்கள். உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு முழு குவார்ட்டர் போனால் அளவு 120-ஐத் தாண்டும். நாலு மணிக்குக் குளித்து, விபூதி பூசி, வண்டியை எடுக்கும்போதும் 30-க்கு மேலேதான் இருக்கும். மோரும் எலுமிச்சையும் வாய் நாற்றத்துக்கு ஆகலாம், நுரையீரலிலிருந்து வரும் காற்றை மாற்றாது. பரதராமி தாண்டி ஆந்திராவுக்குள் போய்விட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. இது மத்திய அரசுச் சட்டம், அங்கேயும் அதே 30தான்.

சரி, லைசென்ஸ். பணத்தைப் பற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள், இதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ இதுதான் பெரிய கவலை. போலீஸ் வாங்கிய லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும். முதல் தடவைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம், அடுத்த தடவை லைசென்ஸே ரத்து. பிடிபட்டது ஸ்கூட்டரில் என்றாலும் குட்டியானைக்கும் அதே லைசென்ஸ்தானே? மூன்று மாதம் லோடு இல்லை என்றால் வண்டிக்கு டியூ யார் கட்டுவது?

ஆனால் ஒரு வழி இருக்கிறது, பலரும் இதைக் கோட்டை விடுகிறார்கள். உத்தரவு போடுவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. தகுதி நீக்கத்தை எல்லா வகை வண்டிக்கும் போடலாம், ஏதாவது ஒரு வகைக்கு மட்டும் போடவும் இடம் உண்டு. ஆகவே நோட்டீஸ் வந்தால் பயந்து அலமாரியில் வைக்காதீர்கள். ‘இது முதல் தடவை, இரு சக்கர வண்டியில் நடந்தது, சரக்கு வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு, தகுதி நீக்கத்தை இரு சக்கர வண்டியோடு நிறுத்த வேண்டுகிறேன்’ என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்டதும் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது. உத்தரவு பாதகமாக வந்தால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த மூன்று மாதத்தில் ‘சும்மா கடை வரைக்கும்’ என்று ஓட்டி மாட்டினால் தனிக் கேஸ், இன்னொரு 10,000 அல்லது மூன்று மாதம் வரை சிறை. தெரிந்தே உங்கள் ஸ்கூட்டரைக் கொடுத்தால் அதற்கு உங்கள் மேலும் வழக்கு வரும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் கிட்டத்தட்ட பதில் சொல்லிவிட்டேன். ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் குடித்து ஓட்டிய குற்றம் உங்கள் மேல் வராது. அன்று ராத்திரி யார் மேலாவது இடித்திருந்தால்தான் கதை வேறு. இன்சூரன்ஸ் கம்பெனி, ஓட்டியவர் குடித்திருந்தார் என்று காட்டிப் பொறுப்பை மறுக்கலாம். அடிபட்டவருக்கு முதலில் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவிட்டாலும், அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்க வழி உண்டு. உரிமையாளர் நீங்கள்தான். உயிர் போயிருந்தால் உங்கள் கணவருக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஐந்து வருடம் வரை சிறை, சூழ்நிலையைப் பொறுத்து அதைவிடக் கடுமையான பிரிவும் பாயலாம்.

இப்போதைக்கு இரண்டு வேலை. சம்மனில் உள்ள தேதியில் அவர் நேரில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வாரன்ட் வரும். அபராதம் கட்டிய ரசீதை வீட்டில் வையுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் மனு கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.