டிராக்குக்கு எந்த எண்ணெய்?

தஞ்சாவூரிலிருந்து டர்போ காரை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போகிறேன், 5டபிள்யூ-30 எஞ்சின் எண்ணெய்க்குப் பதில் இன்னும் கெட்டியான 10டபிள்யூ-60 ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கானது. நம் டெல்டாவில் மார்கழிப் பனிக்குக்கூட அது பொருட்டில்லை. பின்னால் உள்ள எண்தான் முக்கியம்; எஞ்சின் சூடானபின் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அது சொல்லும். 100 டிகிரியில் 30 கிரேடின் பாகுநிலை (அதாவது கெட்டித்தன்மை) 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு), 40 கிரேடு 16.3 வரை போகும். டிராக்கில் எண்ணெய் 120, 130 டிகிரியைத் தொடும்போது வெல்லப்பாகு சூட்டில் இளகுவதுபோல மெலிந்து, எஞ்சின் பேரிங்கில் உராய்வைத் தடுக்கும் எண்ணெய்ப் படலம் அறுந்துவிடலாம். டர்போ எஞ்சினில் பெட்ரோலும் கொஞ்சம் கலந்து இன்னும் நீர்க்க வைக்கும்.

அதற்காக 60க்குத் தாவினால் பம்ப் திணறும், உராய்வுச் சூடும் ஏறும். காரின் கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-40 போதும். அப்புறம், முதலில் ஓர் எண்ணெய் வெப்பமானி மாட்டுங்கள்.