டைமர் வைத்தாலே முகம் விறைத்துப்போகிறதா?

உங்களை நீங்களே படம் எடுக்க, கேமராவில் 10 நொடி டைமர் வைத்து ஓடிவந்து உட்கார்ந்தால் முகம் விறைத்துப்போகிறது, ஃபோகஸும் பின்சுவரில் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இரண்டுமே நடந்திருக்கின்றன.

ஃபோகஸ் எளிது. நாற்காலியில் முகம் வரும் உயரத்தில் ஒரு தலையணையை நிமிர்த்தி வையுங்கள். அதில் ஃபோகஸ் செய்து, கேமரா தானாக ஃபோகஸை மாற்றாதபடி மேனுவலுக்கு மாற்றிவிட்டு, தலையணையை எடுத்துவிட்டு உட்காருங்கள். லென்ஸ் திறப்பின் அளவை (அப்பர்ச்சர்) எஃப் 5.6 என வைத்தால் தலை சற்று அசைந்தாலும் கண் தெளிவாக வரும்.

முகத்துக்குத்தான் பொறுமை வேண்டும். டைமரை விடுங்கள். கேமராவில் குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் இன்டர்வல் வசதி இருந்தால் 5 நொடிக்கு ஒன்றாக 60 படம் ஓடட்டும், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நான் ஜன்னலோரம் பூண்டு உரித்தபடி உட்கார்ந்தேன். முதல் 20 படங்களிலும் கேமராவுக்காகக் காத்திருக்கும் முகம். நாற்பதை நெருங்கும்போது, நகத்தில் ஒட்டிய தோலைப் பார்க்கக் குனிந்திருக்கிறேன். புருவச் சுளிப்பில் அப்படியே என் அம்மா. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

முகம் வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த புகைப்படக் கலைஞர் விவியன் மேயர், கடைக் கண்ணாடிகளிலும் தரையில் விழும் நிழலிலும் தன்னை எடுத்துக்கொண்டே இருந்தார். தொப்பி வைத்த அந்த நிழலைப் பார்த்தாலே அவர்தான் என்று தெரியும்.

அப்புறம், இது தற்பெருமையா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக இல்லை. நாளைக் காலை வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள், ஆனால் அன்றே எதையும் அழிக்காதீர்கள்.