வாசகர் கேள்வி–பதில்: சமரசப் பேச்சு எங்கே தடைப்படுகிறது?

கேள்வி: தொழில் பங்குதாரருடன் எனக்குப் பணத் தகராறு. நானாகச் சமரசத்துக்கு அழைத்தால் என் வழக்கு பலவீனமானது என்று அவர் எண்ணிவிடுவார் என்கிறார் என் வழக்கறிஞர். நீதிமன்றமே கட்டாயப்படுத்தி அனுப்பிவிட்டால் நல்லதல்லவா?

பதில்: உங்கள் வழக்கறிஞரின் தயக்கம் எங்கும் உள்ளதுதான், சில நாடுகள் கட்டாயத்தை நாடியதற்கு அதுவும் ஒரு காரணம். இத்தாலி 2010-இல் கொண்டுவந்த ஆணை, குறிப்பிட்ட சில உரிமையியல் தகராறுகளில் வழக்குக்கு முன், பொதுவான ஒருவர் முன்னிலையில் பேசித் தீர்க்கும் சமரச முயற்சியைக் கட்டாயமாக்கியது. நாடாளுமன்றம் அளித்த அதிகாரத்தை அரசு மீறிவிட்டது என்று கூறி, அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2012-இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. மறு ஆண்டே அது திரும்பி வந்தது. ஆனால் இம்முறை முதல் அமர்வுக்கு வந்து பார்த்துவிட்டு, விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ள வழி இருந்தது. இங்கிலாந்தில், விருப்பமில்லாதவரைச் சமரசத்துக்கு அனுப்புவது நீதிமன்றத்தை அணுகும் உரிமைக்குத் தடையாகும் என்று 2004-இல் சொன்ன மேல்முறையீட்டு நீதிமன்றமே, அந்த உரிமையின் சாரம் கெடாத வரையில் அப்படி உத்தரவிடலாம் என்று 2023-இல் தெளிவுபடுத்தியது.

வந்து உட்காரும்படி கட்டாயப்படுத்தலாம், ஒத்துக்கொள்ளும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பதே என் கருத்து. கட்டாயத்துக்காக வருகிறவர்கள் வருகையைப் பதிவு செய்துவிட்டு, 'பேச்சு தோல்வி' என்ற அறிக்கையோடு வழக்குக்குத் திரும்பிவிடுவதும் நடக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரை அனுப்பிவைப்பது. அந்த அதிகாரியை மட்டும் குறை சொல்வதற்கில்லை: வழக்கில் தோற்றால் அது நீதிபதியின் முடிவாகிவிடுகிறது, தானே ஒரு தொகைக்கு இணங்கினாலோ 'ஏன் விட்டுக்கொடுத்தாய்' என்று தணிக்கையில் அவரைத்தான் கேட்பார்கள். நல்லவேளையாக உங்கள் எதிர்த்தரப்பு தனிநபர், முடிவெடுப்பவர் அவரேதான். இரு தரப்புக் கணக்குகளும் பரிமாறப்பட்ட பிறகு, வழக்குச் செலவு கையை மீறுவதற்கு முன், ஒரு சமரச மையத்தின் வழியாக அழைப்பு அனுப்புங்கள். மையத்தின் பெயரில் போகும் அழைப்பைப் பலவீனமாக எடுத்துக்கொள்வது கடினம்.

கேள்வி: எதிர்த்தரப்பு வெளிநாட்டு நிறுவனம். சமரச உடன்பாட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் மறுத்தால் என்ன செய்வது?

பதில்: சமரசத்தின் பலவீனமான இடம் இதுதான். நடுவர் தீர்ப்புக்கு, அதாவது இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நடுவர் நீதிபதியைப் போல விசாரித்து வழங்கும் முடிவுக்கு, 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை துணை நிற்கிறது. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருப்பதால் ஒரு நாட்டில் பெற்ற தீர்ப்பை வேறொரு நாட்டில் நிறைவேற்ற முடிகிறது. சமரச உடன்பாடோ, நீதிமன்ற ஆணையாகவோ நடுவர் தீர்ப்பாகவோ மாறாத வரை, பொதுவாக ஓர் ஒப்பந்தம்தான். மீறினால் மறுபடியும் வழக்கு. இந்தக் குறையைப் போக்க வந்த சிங்கப்பூர் உடன்படிக்கை 2019-இல் கையெழுத்தாகி 2020-இல் நடைமுறைக்கு வந்தது என்றாலும், கையெழுத்திட்ட நாடுகளில் பல இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி உறுதியளிக்கவில்லை. கையெழுத்து மட்டும் போதாது. ஆகவே எதிர்த்தரப்பின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் நிலையை முதலில் பாருங்கள். நடுவர் விசாரணை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், உடன்பாட்டையே நடுவர் தீர்ப்பாகப் பதிவு செய்யும்படி கேட்கலாம். எல்லாம் பேசி முடித்த பிறகு, பதிவுக்காக மட்டும் ஒரு நடுவரை நியமிப்பது எல்லாச் சட்டங்களிலும் செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது. அப்போது தீர்ப்பதற்குத் தகராறே இல்லையே என்ற ஆட்சேபம் எழக்கூடும்.

கேள்வி: கணவரின் வன்முறைக்கு ஆளான என் தங்கையையும் சமரசத்துக்குப் போகச் சொல்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?

பதில்: அச்சத்தில் இருப்பவரின் சம்மதம் சம்மதமாகாது. பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்து ஐரோப்பியப் பேரவை 2011-இல் உருவாக்கிய இஸ்தான்புல் உடன்படிக்கை, இத்தகைய வழக்குகளில் கட்டாயச் சமரசத்தையே தடை செய்யச் சொல்கிறது. அந்த உடன்படிக்கை உங்களுக்குப் பொருந்தாத நாட்டிலும், வன்முறை நடந்ததை உங்கள் தங்கை சமரசரிடமோ நீதிபதியிடமோ எழுத்தில் தெரிவித்து, நேருக்கு நேர் உட்கார மறுக்கலாம். முதலில் பாதுகாப்பு ஆணைக்கு மனுச் செய்யட்டும். ஜீவனாம்சம், வீடு போன்றவற்றை வழக்கறிஞர் மூலம் பிறகு பேசிக்கொள்ளலாம்.