வாங்குமுன் கேளுங்கள்: தண்ணீர் ஓடும் கம்ப்யூட்டர்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. கண்ணாடிக் கேபினெட், உள்ளே வளைந்து போகும் குழாய், குழாயில் சூட்டைத் தணிக்க ஓடும் கலர் தண்ணீர், பிடித்த தீமில் அலங்காரம். ஆசையில் தப்பே இல்லை. காசு எங்கே போகிறது என்று தெரிந்து போகட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பட்ஜெட் 1,20,000. கேமிங்தான் முக்கியம். கிராபிக்ஸ் கார்டை ஒரு படி இறக்கிவிட்டு கஸ்டம் வாட்டர் கூலிங் போட்டால் வேகம் கூடுமா?
(கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

பதில்: கூடாது தம்பி. கார்டை இறக்காதீர்கள். தண்ணீர் சூட்டைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கும். அங்கிருந்து அதை வெளியே தள்ளுவது உங்கள் அறைக் காற்றுதான். மே மாதம் நம் புதுச்சேரி, கடலூர் பக்கம் 40 டிகிரியைத் தொடுகிற நாள்கள் உண்டு. ஏ.சி. இல்லாத மாடி அறை 36 டிகிரியில் இருந்தால், லூப்பில், அதாவது அந்தக் குழாய்ச் சுற்றில், ஓடும் தண்ணீர் அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை. கேம் ஓடும்போது பத்துப் பதினைந்து டிகிரி மேலேதான் நிற்கும்.

கேமிங்குக்கு நிறையப் பேர் கேட்கிற ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸருக்கு நிறுவனம் சொல்லும் டி.டி.பி., அதாவது கூலர் தாங்க வேண்டிய சூட்டின் அளவு, 120 வாட். நல்ல டவர் ஏர் கூலர் ஒன்றே அதைத் தாங்கிவிடும். பம்ப், தண்ணீர் தேங்கும் ரிசர்வாயர், ரேடியேட்டர், சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோக பிளாக் பிராசஸருக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று, ஒரு டஜன் ஃபிட்டிங், குழாய், கூலன்ட் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள், உங்கள் பட்ஜெட்டில் பெரும் பங்கை அதுவே தின்றுவிடும். லூப் போடுவது அழகுக்காகவும் சத்தம் குறைவதற்காகவும். அதற்கென்று தனியாகக் காசு வைத்திருப்பவர் தாராளமாகப் போடலாம். உங்கள் காசு கார்டுக்கும், மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் தரமான எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் போகட்டும்.

கேள்வி: ரிசர்வாயரைச் சுற்றி ஐஸ் பாக்கெட் வைத்தால் தண்ணீர் இன்னும் குளிருமே?
(வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: குளிரும். நம் கடலோரக் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் குழாயும் பிளாக்கும் வேர்த்து, அந்தத் தண்ணீர் மதர்போர்டில் சொட்டும். வேண்டாம்.

கேள்வி: மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். மீன்பிடிப் படகு தீமில் கம்ப்யூட்டர் கேட்டான். புதுச்சேரியில் அசெம்பிள் செய்து தருகிற ஒருவரை இன்ஸ்டாகிராமில் பார்த்து, 90,000 முன்பணமும் பிறகு மீதியுமாக மொத்தம் 1,85,000 ஜிபே-யில் அனுப்பினோம். பில் தரவில்லை. எட்டாவது மாதம் தண்ணீர் கலங்கியது, பிறகு ஒழுகி கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது. “நீங்கள் பராமரிக்கவில்லை, தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது” என்கிறார். படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
(ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: அம்மா, உங்கள் மகனைத் திட்டாதீர்கள். அவன் மீது தப்பில்லை.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரேடியேட்டரில் ஃபிட்டிங் ஏறும் இடத்தைச் சுற்றி வெள்ளையாக, சுண்ணாம்பு தடவியது மாதிரி பூத்திருக்கிறது. மகன் எடுத்துவைத்த பெட்டிப் படத்தில் ரேடியேட்டர் அலுமினியம் என்று அச்சாகியிருக்கிறது. பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் பிளாக் செம்பு. இரண்டு உலோகத்தையும் ஒரே தண்ணீரில் ஓடவிட்டால் அலுமினியம் அரித்துப்போகும். லூப் கட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம். எட்டு மாதம் ஓடியதே பெரிது. “கடையில் விற்கிற ரெடிமேட் லிக்விட் கூலரிலும் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும்தானே” என்று கட்டித் தந்தவர் வாதாடக்கூடும். அது தொழிற்சாலையில் அரிப்புத் தடுப்பான் கலந்து மூடி வருவது. இவர் உங்கள் வீட்டு மெஷினில் என்ன ஊற்றினார் என்று எழுதிக் கொடுத்தாரா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதினாரா? சொல்லாத பராமரிப்பை நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?

இனி செய்ய வேண்டியது. மெஷினை அவரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். “பார்த்துத் தருகிறேன்” என்று வாங்கிக்கொண்டு போனால் ரேடியேட்டர் மாறிவிடும், உங்கள் சாட்சி போய்விடும். உள்ளே இருக்கும் தண்ணீரைக் கீழே கொட்டாமல் சுத்தமான பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும், ஜிபே அனுப்பிய விவரத்தையும், வங்கி ஸ்டேட்மென்டையும் எடுத்து வையுங்கள். பில் இல்லாவிட்டாலும் பணம் போனதற்கு இவையே ஆதாரம். வேறொரு சர்வீஸ் இன்ஜினியரிடம் காட்டி, என்ன காரணத்தால் ஒழுகியது என்று எழுத்தில் கையெழுத்தோடு வாங்குங்கள். பிறகு கட்டித் தந்தவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பதினைந்து நாள் கெடு வைத்து.

அசையவில்லை என்றால் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். கார்டின் விலையோடு நிற்காமல் சேவைக் குறைபாட்டுக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்தே கேளுங்கள். மனு எழுதும்போது சந்தேகம் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

கேள்வி: மதர்போர்டில் லைட் ஸ்ட்ரிப்பைச் செருகியதும் கருகிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். சட்டப்படி என்ன செய்யலாம்?
(வாசகர், பண்ருட்டி)

பதில்: உங்களுடையது 5 வோல்ட், மூன்று பின் ஸ்ட்ரிப். நீங்கள் செருகியது 12 வோல்ட், நான்கு பின் இணைப்பில். பின் எண்ணிக்கையே பொருந்தாமல் அழுத்திச் செருகியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் மறுத்தது சரி. அடுத்த தடவை மேனுவலைப் பிரித்துப் படித்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.

கேள்வி: நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறார்கள். எப்படியும் பாண்டியில் வரி கம்மிதானே, பில்லை விட்டுவிடலாமா?
(அரசு ஊழியர், மஞ்சக்குப்பம்)

பதில்: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பாண்டியில் வரி கம்மி என்பது முடிந்துபோன கதை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து கம்ப்யூட்டர் பாகத்துக்குக் கடலூரிலும் 18 சதவீதம், புதுச்சேரியிலும் 18 சதவீதம். பேருந்து ஏறிப் போவதால் வரியில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் “ஜி.எஸ்.டி. தனி” என்று கேட்பது சட்டவிரோதம். அதற்குக் கீழே விலை பேசும்போதும், வரி சேர்த்து எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கடையில் எஸ்.எம்.பி.எஸ். வாங்கினேன். பில் கேட்டதற்கு, கடைப் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதி “எஸ்டிமேட்” என்று நீட்டினார்கள். ஒரு மழைக்காலத்தில் அது புகைந்து, மதர்போர்டையும் கூடவே கொண்டு போனது. போய் நின்றபோது, இது எங்கள் கடையில் வாங்கியதே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். என் கையில் இருந்த சீட்டில் அதை மறுக்க ஒரு எழுத்து இல்லை. நம்பி வந்த வாடிக்கையாளரிடம் இப்படி நடந்துகொள்வதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

பில் தர மறுப்பது 2019 சட்டத்தில் நியாயமற்ற வணிகமுறை என்றே எழுதப்பட்டிருக்கிறது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று முத்திரை குத்தி, பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே ரகம். பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும் என்கிறது சட்டம். அதைக் கேட்க உங்கள் கையில் பில் வேண்டாமா?

பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண், தேதி, பொருளின் முழு மாடல், கூடவே சீரியல் எண் இருக்க வேண்டும். சீரியல் எண்ணை உங்கள் கண்முன்னே பெட்டியோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பம்ப், பிளாக் வாங்கும்போது பெட்டியின் மேல் இந்திய இறக்குமதியாளர் பெயர், முகவரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஸ்டிக்கர் இல்லாவிட்டால் முறையான இறக்குமதி வழியில் வராத கிரே மார்க்கெட் சரக்காக இருக்கலாம், பழுதானால் இங்கே கேட்க நாதி இருக்காது. 18 சதவீதத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து மூன்று வருட வாரண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பில் தராத கடையில் எதையும் வாங்காதீர்கள், எனக்குத் தெரிந்த கடையாக இருந்தாலும் சரி.

கேள்வி: கம்ப்யூட்டர் லூப்பில் பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் ஊற்றலாமா? வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்?
(வாசகர், பாகூர்)

பதில்: ஆர்.ஓ. கூடாது, உப்பு மிச்சமிருக்கும். பேட்டரி தண்ணீரில் அரிப்புத் தடுப்பானும் பாசி பிடிக்காத மருந்தும் இல்லை. கம்ப்யூட்டருக்கென்று வரும் கூலன்டை வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்து வீதி தீமில் கட்ட ஆசை. கேபினெட்டுக்கு மஞ்சள் பெயின்ட், உள்ளே வில்லியனூர் சுடுமண் பொம்மைகள், குழாயில் பால் மாதிரி வெள்ளைத் திரவம். எதில் ஏமாறுவேன்?
(இன்டீரியர் டிசைனர், முத்தியால்பேட்டை)

பதில்: படித்ததும் மனசுக்கு இதமாக இருந்தது. நம் ஊரை ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்.

முதலில் அந்தப் பால் திரவத்தை விடுங்கள். கெட்டியான நிறத் திரவங்களில் மிதக்கும் துகள் நாளாவட்டத்தில் படியும். பிளாக்குக்குள் செம்புத் தகடுகளுக்கு இடையே இருக்கும் சந்து அரை மில்லிமீட்டர்கூட வராது. அங்கே போய் அடைத்துக்கொண்டால் பிளாக்கைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும். நிறமில்லாத கூலன்டை ஊற்றிவிட்டு, வெள்ளை நிற மென்குழாய் போடுங்கள். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கடினக் குழாய்தான் வேண்டுமென்றால் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கைவிட அக்ரிலிக் சூடு தாங்கும். பம்ப் நின்று தண்ணீர் கொதித்தால் பி.இ.டி.ஜி. நெகிழ்ந்து ஃபிட்டிங்கை விட்டு நழுவக்கூடும்.

பெயின்ட் வேலையை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரக் காற்றில் மேல்பூச்சு வெளுத்து மங்கும். தகடு என்றால் பவுடர் கோட்டிங் செய்கிறவரிடம் கொடுப்பது நல்லது, நம் உப்புக் காற்றுக்கு அது தாக்குப் பிடிக்கும். முதலில் ஒரு சின்ன மூடியைக் கொடுத்து நிறம் பார்த்துவிட்டு முழு கேபினெட்டைக் கொடுங்கள். ஜன்னல், வளைவு எல்லாம் வெட்ட, பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசர் கட்டிங் இருக்கிறது. கம்ப்யூட்டர் கடை மூலமாகப் போனால் அதே அக்ரிலிக் துண்டுக்குக் கூடுதலாகக் கேட்பார்கள்.

சுடுமண் பொம்மை மெருகு போடாதது, தூள் உதிரும், ஈரம் உறிஞ்சும். தெளிவான வார்னிஷ் இரண்டு கை அடித்து, நன்றாகக் காயவிட்டு, கேபினெட் தரையில் நிறுத்துங்கள். கிராபிக்ஸ் கார்டின் முதுகில் ஏற்றாதீர்கள், கார்டு தொங்கிவிடும். 3டி பிரின்ட் செய்த பாகமென்றால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரி பக்கம் அது வளைந்துவிடும்.

கட்டி முடித்ததும் பம்ப்பை மட்டும் தனி மின்சாரத்தில் 24 மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பாருங்கள். ஒரு பேப்பர் நனைந்தாலும் மெஷினை ஆன் செய்யக் கூடாது. வெளி ஆள் கட்டித் தருவதானால் இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் கடைசித் தவணை என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் வாட்டர் கூலிங் செட்டுக்கு முன்பணம் 5,000 அனுப்பினேன். நேற்று முதல் போன் எடுக்கவில்லை.
(வாசகர், நெய்வேலி)

பதில்: இந்த வரியைப் படித்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. வங்கிக்கும் சொல்லுங்கள். சின்னத் தொகை என்று விடாதீர்கள், அவன் அதை நம்பித்தான் 5,000 கேட்டான்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரில் போட்டால் மின்சாரம் மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். பழுதா?
(வாசகர், முதலியார்பேட்டை)

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்.எம்.பி.எஸ்.கள் சில, சுத்தமான சைன் வேவ், அதாவது வீட்டு லைனில் வருவது போன்ற சீரான அலை, தராத இன்வெர்ட்டரில் நிற்காது. சைன் வேவ் யு.பி.எஸ். ஒன்றைக் கம்ப்யூட்டருக்கென்று தனியாக வாங்குங்கள். 2011-இல் ‘தானே’, 2024-இல் ‘ஃபெஞ்சல்’ என்று நாம் பார்த்த புயல்களில் யு.பி.எஸ். நம்மைக் காப்பாற்றாது. புயல் அறிவிப்பு வந்தால் பிளக்கைக் கழற்றி, கேபினெட்டைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: கார்டு வாங்கி இரண்டு வருடம். பில் தொலைந்துவிட்டது, பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டேன். இப்போது கார்டு வேலை செய்யவில்லை. வாரண்டி கிடைக்குமா?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: 40,000 ரூபாய்ப் பொருளின் பில்லைப் போனில் ஒரு படம் எடுத்து வைக்க அரை நிமிடம் போதும். சரி, கார்டின் மேலேயே சீரியல் எண் ஸ்டிக்கர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி அவர்கள் ஆறு ஆண்டுக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும், பில் நகல் எடுத்துத் தர முடியும். வாங்கிய மாதமும் பணம் கொடுத்த வழியும் சொன்னால் தேடுவது எளிது.