பீட்டர் என்ட்லோவு, டினோ என்ட்லோவு, ஜொனாதன் மோயோ, சிபுசிசோ மோயோ... ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்க அரசியலிலும் விளையாட்டிலும் ஒரே குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவே, இவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்களா?

இல்லை. ஆனால் அவர்களிடமே போய்க் கேட்டால் "ஆமாம், சொந்தம்தான்" என்பார்கள். அதுவும் பொய் இல்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் சம்பளக் கணக்கு பார்த்தேன். சேர்ந்த முதல் மாசமே பட்டியலில் பதினாலு என்ட்லோவு. அதில் இரண்டு பேருக்கு முதலெழுத்தும் ஒன்றே. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகிவிட்டார் என்று நினைத்து ஒன்றைத் தூக்கிவிட்டேன். சம்பள நாளன்று கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். கோபமெல்லாம் இல்லை. "என் சம்பளமும் தம்பி கணக்குக்கே போயிடுச்சோன்னு கேட்க வந்தேன்" என்றார். தம்பியா என்றேன். "அவனும் என்ட்லோவுதானே!" அந்தத் தம்பியிடம் அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் ஜிம்பாப்வேயின் புலவாயோ ஊர்க்காரர், அவர் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணம்.

இந்தோலோவு, இன்ட்லோவு என்று எப்படி எழுதினாலும் தமிழில் கொஞ்சம் இடறும். தென்னாப்பிரிக்காவின் சூலு, ஜிம்பாப்வேயின் என்டெபெலே மொழிகளில் 'இன்ட்லோவு' என்றால் யானை. ஆள் பெயராகும்போது முன்னால் இருக்கும் 'இ' உதிர்ந்துவிடுகிறது. மெய்யெழுத்தில் சொல்லைத் தொடங்காதே என்று தமிழ் வாத்தியார் குட்டியது நினைவிருப்பதால் நான் 'என்ட்லோவு' என்றே எழுதுகிறேன்.

இதே வரிசையில் டுபே என்றால் வரிக்குதிரை. என்கூபே குரங்கு. சிபாண்டா சிங்கத்துக்காரர்கள். நியோனி பறவை. மோயோ மட்டும் விலங்கில்லை, இதயம். இவை குலக்குறிப் பெயர்கள். ஜிம்பாப்வேயில் அதிகம் பேர் பேசும் ஷோனா மொழியில் இதை 'முட்டுப்போ' என்கிறார்கள். எந்த விலங்கு உங்கள் குறியோ அதைச் சாப்பிடக் கூடாது, அதே குறிக்காரரைக் கல்யாணம் செய்யக் கூடாது. நம் ஊரில் ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் அண்ணன் தம்பி முறை என்று பெண் எடுக்க மாட்டார்களே, ஏறக்குறைய அதே கணக்கு. மீறி ஆசைப்பட்டால் ஷோனா மக்களிடம் ஒரு வழியும் உண்டு: மாடு கொடுத்து உறவை 'வெட்டிக்கொள்ளும்' சடங்கு. எங்கள் அலுவலகத்தில் மோயோ பெயர்க்காரப் பெண் ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டில் கோழி ஈரல், இதயம் எல்லாம் கலந்து வரும். சோளக்களியை உருட்டிக்கொண்டே குட்டி இதயங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார். என்ட்லோவுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, யானைக்கறி கேன்டீனில் எப்படியும் கிடைக்காது.

பெயர் பெருகியதற்குக் காரணம் வரலாறு. 1840 வாக்கில் ம்சிலிகாசி என்ற தலைவர் தன் மக்களோடு இன்றைய ஜிம்பாப்வேயின் தென்மேற்கில் வந்து என்டெபெலே அரசை நிறுவினார். அங்கே ஏற்கனவே இருந்த கலாங்கா, ஷோனா மக்களில் யானைக் குறிக்காரர்கள் தங்கள் மொழியில் 'ஸோ', 'என்ஸோ' என்று இருந்தவர்கள். அவர்களில் பலர் புது அரசின் மொழியில் என்ட்லோவு ஆனார்கள். இப்படித்தான் ஷோகோ என்கூபே ஆனது, ஷும்பா சிபாண்டா ஆனது. பின்னால் வந்த வெள்ளைக்கார அரசு வரி வசூலுக்கும் அடையாளச் சீட்டுக்கும் குடும்பப் பெயர் கேட்டபோது பலர் இதையே எழுதிக் கொடுத்தார்கள். குலத்தின் அடையாளம் காகிதத்தில் ஏறிக் குடும்பப் பெயராகிவிட்டது.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டு மோயோக்கள். 2017 நவம்பர் 15 விடியற்காலையில் ஜிம்பாப்வே அரசுத் தொலைக்காட்சியில் ராணுவ உடையோடு தோன்றி, இது ஆட்சிக் கவிழ்ப்பு அல்ல, அதிபர் முகாபேயைச் சுற்றியிருக்கும் குற்றவாளிகளைத்தான் குறிவைக்கிறோம் என்று அறிக்கை வாசித்தவர் ஜெனரல் சிபுசிசோ மோயோ. ராணுவம் குறிவைத்த அந்தக் கோஷ்டியின் முக்கிய முகங்களில் ஒருவர் உயர்கல்வி அமைச்சர் ஜொனாதன் மோயோ. ஜொனாதன் நாட்டை விட்டே தப்பினார். சிபுசிசோ வெளியுறவு அமைச்சரானார், 2021 ஜனவரியில் கொரோனாவில் இறந்தார். முறைப்படி இருவரும் பங்காளிகள்! இவர்களுக்கு முன்னால் இன்னொரு மோயோ உண்டு: விடுதலைப் போராட்டத் தலைவர் ஜேசன் மோயோ. 1977 ஜனவரியில் லுசாகாவில் பார்சல் வெடிகுண்டில் கொல்லப்பட்டார். ஹராரேயில் அவர் பெயரில் பெரிய சாலையே இருக்கிறது.

எனக்குப் பிடித்த தற்செயல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜிம்பாப்வேயில் ஒரு லட்சம் யானைகள் வரை உண்டு என்கிறார்கள். அவற்றை என்ன செய்வது, தந்தத்தை விற்க விடுவார்களா என்பதெல்லாம் அங்கே நிரந்தரச் சண்டை. 2022-ல் அந்த வாதத்தை வெளிநாடுகளிடம் வைத்த சுற்றுச்சூழல் அமைச்சர் பெயர் மங்காலிசோ என்ட்லோவு. யானைக்கு யானையே வக்கீல். அதே துறைக்குப் பிறகு வந்தவர் சிதெம்பிசோ நியோனி. யானை போய்ப் பறவை வந்தது. 2024 வறட்சியில் 200 யானைகளைக் கொன்று இறைச்சியைப் பகிர்ந்து கொடுப்பது என்ற முடிவு வந்தது பறவையின் காலத்தில்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு வூசி சிபாண்டா தெரிந்திருக்கும், ஜிம்பாப்வேயின் தொடக்க ஆட்டக்காரர். அந்நாட்டுப் பாதுகாப்புப் படைகளின் தலைமைத் தளபதியாக 2017-ல் வந்தவர் பிலிப் வலேரியோ சிபாண்டா. பெயர் ஒன்று என்பதோடு சரி.

டுபே விஷயத்தில் சென்னை ரசிகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் சிவம் துபேயின் பெயர் 'த்விவேதி'யிலிருந்து வந்தது, இரண்டு வேதம் படித்தவர். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றுதான் என்றாலும் வரிக்குதிரைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அங்கே டுபே என்றதும் நினைவுக்கு வருபவர் ஜான் லங்காலிபலேலே டுபே. பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்று பெயர் மாறிய அமைப்புக்கு 1912-ல் முதல் தலைவர். டர்பன் பக்கம் இனண்டாவில் அவர் தொடங்கிய ஓலாங்கே பள்ளியில்தான் 1994-ல் மண்டேலா வாழ்க்கையின் முதல் ஓட்டைப் போட்டார். அன்றே அருகிலிருந்த டுபேயின் கல்லறைக்கும் போனார்.

அதே டர்பனில் நம்மவர் பெயர்களும் இந்தக் குழப்பத்தில் மாட்டியிருக்கின்றன. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளை, நாயுடு, கோவிந்தர் எல்லாம் பதிவேட்டில் குடும்பப் பெயராகிவிட்டன. தொழிற்சங்கத் தலைவராக இருந்து மண்டேலாவின் அமைச்சரவைக்குப் போன ஜே நாயுடுவையும் இன்னொரு நாயுடுவையும் பார்த்து அண்ணன் தம்பியா என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் "ஆமாம்" என்று சொல்லமாட்டார்கள், அதுதான் வித்தியாசம்.

கடைசியாக, நிஜமாகவே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான என்ட்லோவுகள். புலவாயோவின் மடிண்டா, ஆடம், பீட்டர், மூவரும் கால்பந்து வீரர்கள். இளையவர் பீட்டர் 1991-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி அணிக்குப் போனார், 'புலவாயோ புல்லட்' என்று பெயர் வாங்கினார். 1995 மார்ச்சில் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் மூன்று கோல் அடித்து 3-2 என்று ஜெயிக்க வைத்தார். அந்த மைதானத்தில் அதற்கு முன் முப்பது வருஷத்துக்கு மேலாக எந்த எதிரணிக்காரரும் மூன்று கோல் அடித்ததில்லை. 2004-ல் ஜிம்பாப்வே முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனபோது அவர்தான் கேப்டன். அந்தப் போட்டியில் அண்ணன் ஆடமும் கோல் போட்டார். 2012 டிசம்பரில் விக்டோரியா நீர்வீழ்ச்சிப் பக்கம் டயர் வெடித்து கார் விபத்துக்குள்ளானது. ஓட்டியவர் பீட்டர். அவர் பிழைத்தார், ஆடம் இறந்துவிட்டார்.

டினோ என்ட்லோவு தென்னாப்பிரிக்கர். 2017-ல் கோபன்ஹேகனில் அவர் அடித்த கோல்தான் அஜர்பைஜானின் கராபாக் அணியைச் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குக் கொண்டுபோனது. பீட்டர் குடும்பத்துக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. எங்கள் கிடங்குப் பெரியவரைக் கேட்டால் அவரும் தம்பிதான்.